இரண்டு சென்டிமீட்டர் முகம்

வேட்பாளருக்கு இணையதளம் செய்ய உட்கார்ந்தால் முதல் பேச்சு கலரைப் பற்றித்தான் வரும். கட்சிக்கொடி நிறத்தில் மேலே ஒரு பட்டை, அதில் தலைவர்கள் வரிசையாக, நடுவில் கும்பிட்டபடி வேட்பாளர், கீழே நன்றி சொல்லும் நிர்வாகிகளின் பெயர்கள். அதாவது தெருமுனை ஃப்ளெக்ஸை அப்படியே மடித்து கைபேசிக்குள் திணிப்பது. பத்தடிக்கு எட்டடியில் கண்ணைப் பறிக்கும் அந்த வடிவம் கைபேசித் திரையில் வெறும் கூட்ட நெரிசல்.

இதைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். வேட்பாளரின் படங்களிலேயே ஆகச் சிறியது எதுவோ அதை முதலில் தேர்ந்தெடுங்கள். அது வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒட்டப்படும் சீட்டில் வரும் படம்: இரண்டு சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் உயரம். வாக்காளர் பொத்தானை அழுத்துவதற்கு முன் கடைசியாகப் பார்க்கும் முகம் அதுதான். இணையதளம், துண்டறிக்கை, வாட்ஸ்அப் டிபி எல்லாம் அந்த முகத்தைப் பழக்கப்படுத்துவதற்கான ஏற்பாடுகள். முதலில் தளத்தைச் செய்துவிட்டு, மனுத்தாக்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் ஸ்டூடியோவுக்கு ஓடி ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்தால், தளத்தில் ஒருவர் சிரிப்பார், இயந்திரத்தில் வேறொருவர் முறைப்பார்.

வாக்குச்சீட்டில் படம் வந்தது 2015 மே மாதத்துக்குப் பிறகு. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒரே பெயரில் பல வேட்பாளர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே முதலெழுத்தோடு அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் பெயர் உதவாது. சின்னமும் முகமும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சுயேச்சைக்குச் சின்னமோ, மனுக்களைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகே உறுதியாகும். அந்த நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே சட்டப்படி குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும். நடைமுறையில் அதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதுவரை கையில் இருக்கும் ஒரே மூலதனம் முகம்தான்.

தேர்தல் ஆணையம் கேட்கும் படத்துக்கு விதிகள் எளியவை. மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பின்னணி வெள்ளை அல்லது வெள்ளைக்கு நெருக்கமான நிறம். முகம் நேராகக் கேமராவைப் பார்க்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், பெரிதாக உணர்ச்சி காட்டக்கூடாது. சாதாரண உடை, சீருடை கூடாது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தவிர்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, பீகார் தேர்தலில் தொடங்கி, படம் வண்ணத்தில் அச்சாகிறது. படப்பரப்பில் நான்கில் மூன்று பங்கை முகமே நிரப்ப வேண்டும். சட்டமன்றத் தேர்தல் சீட்டின் தாள் இளஞ்சிவப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்று கணக்கிட்டால் இந்தப் படம் 236 க்கு 295 பிக்சல், அவ்வளவே. அந்தச் சின்னக் கட்டத்தில் மீசை, கண், நெற்றி, முடியின் வெளிக்கோடு ஆகிய நான்கும்தான் ஆளை அடையாளம் காட்டும். மற்றதெல்லாம் கரைந்துவிடும்.

படம் எடுக்கும் காலை

ஸ்டூடியோக்காரர் பழக்கத்தில் நீலத்திரையை இழுத்துவிடுவார். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வெள்ளைத் திரையானாலும், வேட்பாளரை அதை ஒட்டி நிறுத்தினால் தலைக்குப் பின்னால் ஃப்ளாஷ் நிழல் இன்னொரு தலையாக விழும். திரைக்கும் ஆளுக்கும் நடுவே நாலடியாவது இடைவெளி வேண்டும். ஸ்டூடியோவே தேவையில்லை என்பேன்: காலை ஏழிலிருந்து எட்டரைக்குள், வெயில் நேராக விழாத தாழ்வாரம், பின்னால் வெள்ளையடித்த சுவர் அல்லது இழுத்துக் கட்டிய வேட்டி, பக்கவாட்டில் ஒரு தெர்மாகோல் பலகை. முகத்தின் இருண்ட பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட அந்தப் பலகை போதும்.

பெரும்பாலும் சறுக்குவது எக்ஸ்போஷரில். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பின்னணியும் சேர்ந்தால் கேமரா ஏமாந்துபோகும். காட்சி முழுக்க வெளிச்சம் என்று நினைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். சட்டை பளிச்சென்று வரும், மாநிற முகமும் கறுத்த முகமும் மேலும் இருண்டு கண் இரண்டும் குழியாகிவிடும். பிறகு அதைச் சரிசெய்கிறேன் என்று கம்ப்யூட்டரில் முகத்தை வெளுக்க வைப்பார்கள். அங்கேதான் ஆள் மாறிப்போகிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை முகத்தின்மேல் வையுங்கள். கைபேசியென்றால் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். அப்படிச் செய்யும்போது சட்டை வெடித்து வெறும் வெள்ளையாகப் போகிறதென்றால் முகத்தின் வெளிச்சத்தைத் தெர்மாகோலால் கூட்டுங்கள், அல்லது இந்த ஒரு படத்துக்கு மட்டும் வெளிர்நீலமோ சந்தன நிறமோ போடச் சொல்லுங்கள். வெள்ளைமேல் வெள்ளை போட்டால் தோள் காணாமல் போய், கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாமல் தலை மட்டும் மிதக்கும். இளஞ்சிவப்புத் தாளில் அது இன்னும் கேலியாகத் தெரியும்.

லென்ஸ் இரண்டாவது சறுக்கல். கையெட்டும் தூரத்தில் கைபேசியை நீட்டி எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும். கேமராவில் 85 மிமீ, சின்ன சென்சார் உள்ள கேமராவென்றால் 50 மிமீ, ஆறேழு அடி தள்ளி நின்று எடுங்கள். கைபேசியில் இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸுக்குப் போய்விட்டு அதே தூரம் பின்வாங்குங்கள். செல்ஃபி கேமராவே வேண்டாம். பல கைபேசிகள் படத்தைக் கண்ணாடி பிம்பமாகச் சேமிக்கும். வகிடு இடம் மாறும், சட்டைப்பை வலப்பக்கம் போய்விடும், துண்டு தோள் மாறும். எது தவறென்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஊர்க்காரர்களுக்கு 'ஏதோ சரியில்லையே' என்று படும்.

தலைக்கு மை போடுவதாக இருந்தால் மூன்று நாலு நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். முதல் நாள் போட்டால் நெற்றியோரத்தில் கறுப்புக் கறை நிற்கும், அருகில் எடுத்த படத்தில் அது தொப்பி விளிம்பு மாதிரி தெரியும். இன்னொன்று, நரைத்த தலையோடு பத்து வருடமாகத் தொகுதியைச் சுற்றியவருக்குப் படத்துக்காக மட்டும் மை பூசுவது அனாவசியம். தேர்தல் முடியும்வரை அதைக் காப்பாற்ற வேண்டும்; பிரசாரத்தின் மூன்றாவது வாரத்தில் வேரில் வெள்ளை எட்டிப்பார்க்கும். மீசைக்கும் இதே விதி. படமெடுத்த பிறகு மீசையை எடுக்கக்கூடாது, மீசையில்லாமல் படமெடுத்தவர் வளர்க்கக்கூடாது.

மூக்குக்கண்ணாடி வழக்கமாகப் போடுபவர் அதோடுதான் எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடித்தால் விளக்கை உயர்த்துங்கள், முகவாயை ஒரு விரற்கடை இறக்கச் சொல்லுங்கள், போய்விடும். வெயிலில் நிறம் மாறும் கண்ணாடி தாழ்வாரத்திலும் கொஞ்சம் கறுக்கும், அதற்குச் சாதாரணக் கண்ணாடி ஒன்றை மாற்றாக வைத்திருங்கள். நெற்றியிலும் மூக்கிலும் வழியும் எண்ணெய்க்கு டிஷ்யூ காகிதம் ஒற்றினால் போதும், பவுடர் அப்பினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். பெண் வேட்பாளரென்றால் அன்றாடம் வைக்கும் பொட்டு அதே அளவில் இருக்கட்டும். பட்டுப்புடவையும் கல் மூக்குத்தியும் ஃப்ளாஷில் சுடர்விடும். கைத்தறிப் பருத்தி அமைதியாக உட்காரும்.

விபூதி, குங்குமம், தாடி, தொப்பி பற்றி எப்போதும் ஒரு சர்ச்சை நடக்கும். அவர் தினமும் எப்படி இருக்கிறாரோ அப்படியே எடுப்பதுதான் சரி. தொப்பி பற்றி மட்டும், வாக்குச்சீட்டுப் படம் என்பதால் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் பிரசாரப் படத்துக்காகக் கோயில் கோபுரத்தையோ மசூதியையோ தேவாலயத்தையோ பின்னணியாக வைக்காதீர்கள். நடத்தை விதிகள் வழிபாட்டிடங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. மதச் சின்னத்தைக் காட்டி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில் முறைகேடு. ஜெயித்த பிறகு வழக்கு போடுபவருக்கு இந்த மாதிரிப் படம் அல்வா.

ஒரே உட்காரலில் மூன்று வகை எடுத்துவிடுங்கள். ஒன்று, மேலே சொன்ன நேர்முகம். இரண்டு, அதே வெளிச்சத்தில் அதே சட்டையில் மார்பளவு, சின்னச் சிரிப்போடு. தளத்தின் முதல் திரைக்கு இது. மூன்று, கைகூப்பியபடி இடுப்பளவு, ஃப்ளெக்ஸுக்கும் துண்டறிக்கைக்கும். கூப்பிய கை மார்புக்கு நேராக இருக்கட்டும், முகவாயை மறைக்க வேண்டாம். இந்தப் படத்தை வாட்ஸ்அப் டிபியாக வைத்தால் வட்டத்தில் கை பாதி வெட்டுப்பட்டு, விரல் நுனிமட்டும் மீசைக்குக் கீழே குத்திக்கொண்டு நிற்கும். டிபிக்கு இரண்டாவது படம்தான்.

சின்னத்தைக் கையால் காட்டும் படங்கள் தனி விஷயம். இரட்டை இலைக்கு இரண்டு விரல், உதயசூரியனுக்கு விரித்த ஐந்து விரல், கைச் சின்னத்துக்கும் அதே உள்ளங்கை. கூட்டணிக் கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பதும், கடைசி நேரத்தில் தொகுதி கைமாறுவதும் இங்கே சகஜம். எனவே விரல் காட்டும் படத்தைக் கூடுதலாக எடுங்கள், அதையே முதன்மைப் படமாக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது

நூறு படம் எடுத்தால் தேறுவது நாலோ ஐந்தோ. அந்த ஐந்தையும் பெரிய திரையில் போட்டு மாவட்டச் செயலாளர் முதல் மைத்துனர் வரை சுற்றி உட்கார்ந்து பார்த்தால் முடிவே வராது. ஆளுக்கொரு படம் சொல்வார்கள், வேட்பாளர் தன் இளவயதுச் சாயல் எதில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வார். ஐந்தையும் இரண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டரில் இளஞ்சிவப்புத் தாளில் கலர் பிரிண்ட் எடுங்கள். கையை நீட்டி அந்தத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். வாக்குச்சாவடியின் மங்கிய வெளிச்சம் மாதிரி, ஜன்னல் சாத்திய அறையில் பாருங்கள். ஐந்தில் மூன்று அப்போதே விழுந்துவிடும். மிச்சம் இரண்டையும் கட்சிக்காரர் அல்லாத பத்துப் பேரிடம், டீக்கடையிலோ ரேஷன் கடை வரிசையிலோ, ஒரு நொடி காட்டிவிட்டு 'யாருங்க இது?' என்று மட்டும் கேளுங்கள். 'எந்தப் படம் நல்லாயிருக்கு?' என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும், அதனால் பயனில்லை.

டச்சப் செய்பவருக்கு ஒரே ஒரு கட்டளை போதும். இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் எதையும் அழிக்கலாம், போகாத எதையும் தொடக்கூடாது. பரு, கொசுக்கடி, சவரக்கீறல் போகட்டும். மச்சம், அம்மைத் தழும்பு, தோலின் நிறம், வழுக்கை இருக்கட்டும். 'கொஞ்சம் கலராக்குங்க' என்பது ஸ்டூடியோக்களில் காலங்காலமாகப் புழங்கும் வார்த்தை. வாசலில் நின்று கும்பிடும் கறுத்த ஆளுக்கும் துண்டறிக்கையில் இருக்கும் ரோஜா நிற ஆளுக்கும் சம்பந்தமில்லாமல் போனால், அச்சுச் செலவு முழுக்க வீண்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தைச் செதுக்கும் செயலிகள் இன்னும் மோசம். கண்ணின் வடிவத்தையே மாற்றிவிடும். சட்டமும் இதில் இறுகிவிட்டது. 2024 தொடக்கத்தில் மறைந்த கருணாநிதியின் உருவமும் ஜெயலலிதாவின் குரலும் செயற்கையாக உருவாக்கப்பட்டு உலா வந்தன. இப்போது அப்படிச் செய்யும் படத்திலும் காணொளியிலும் அது செயற்கை என்ற அறிவிப்பு பார்வைப் பரப்பில் பத்து சதவீதமாவது இருக்க வேண்டும் என்று ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. தலைவர் வேட்பாளரின் தோளில் கைபோட்ட மாதிரி படத்தை ஒட்டிச் செய்யும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்கவும்.

தேர்வான படத்தை அனுப்பும்போது நடக்கும் கூத்து ஒன்று உண்டு. புகைப்படக்காரர் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புவார், அது சுருங்கிவிடும். அதை ஃப்ளெக்ஸ்காரருக்கு ஃபார்வர்ட் செய்வார்கள். பத்தடியில் முகம் கட்டம் கட்டமாக உடையும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவில் மூலக் கோப்பைப் போட்டு லிங்க் கொடுங்கள். பின்னணி நீக்கிய பிஎன்ஜி கோப்பு ஒன்றை முடியோரம் சுத்தமாக வெட்டி நீங்களே செய்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒவ்வொரு டிசைனர் ஆளுக்கொரு விதமாகத் தலையைச் செதுக்குவார். ஒரு ஊரில் காது இருக்காது, இன்னொரு ஊரில் கிருதா இருக்காது.

தளத்தின் முதல் திரை

தளத்தைத் திறக்கப்போவது யார் என்று யோசித்துவிட்டால் வடிவமைப்பு பாதி முடிந்த மாதிரி. தொகுதி வாக்காளரில் பெரும்பாலோர் அங்கே வரவே மாட்டார்கள். வருபவர்கள்: வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொடுபவர், வேட்பாளர் பெயரைத் தேடிப் பார்க்கும் முதல்முறை வாக்காளர், வெளியூரில் இருக்கும் தொகுதிக்காரர், நிருபர், அப்புறம் எதிரணியின் ஐடி விங். கடைசி ஆள்தான் எல்லாப் பக்கத்தையும் முழுசாகப் படிப்பவர் என்பதை மறக்க வேண்டாம்.

எனவே ஒரு பக்கம் போதும். 360 பிக்சல் அகலத் திரையில் விரலால் தள்ளாமல் தெரிய வேண்டியவை: முகம், பெயர், தொகுதி, சின்னம். இறுதிப் பட்டியல் வந்ததும் வாக்குச்சீட்டு வரிசை எண்ணும் சேரும். பெயர் வாக்குச்சீட்டில் எப்படி அச்சாகுமோ அப்படியே, முதலெழுத்து உட்பட. ஊரில் அழைக்கும் பெயரோ பட்டமோ வேண்டுமானால் அடுத்த வரியில் சிறிதாக.

தலைவர்கள் படத்தை என்ன செய்வது? இதுதான் எல்லா இடத்திலும் இடிக்கும் கல். ஏழு தலைவர்கள் என்றால் 360 பிக்சலில் ஆளுக்கு ஐம்பது. யார் முகமும் தெரியாது, வேட்பாளரும் கீழே தள்ளப்படுவார். முதல் திரையில் கட்சித் தலைவர் ஒருவர் மட்டும் சிறிய வட்டத்தில், மற்றவர்கள் அடுத்த திரையில் தனிப் பட்டையாக: இப்படிச் சமாதானம் பேசலாம். கூட்டணிக் கட்சித் தலைவர் ஒருவர் விடுபட்டால் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் சுற்றும், ஆகவே அந்தப் பட்டையின் வரிசையைக் கட்சியின் மாவட்ட அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது போதாது.

கொடி நிறம் பற்றி ஒரு கணக்கு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு 4.5-க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது வலைத்தளங்களில் புழங்கும் அளவுகோல். கருப்பின்மேல் சுத்தச் சிவப்பு 5.25, பாஸ். வெள்ளையின்மேல் அதே சிவப்பு 4, சின்ன எழுத்துக்குத் தேறாது. காவியின்மேல் வெள்ளை எழுத்து இரண்டைச் சற்றே தாண்டும். மஞ்சள்மேல் வெள்ளை 1.07, கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாது. கொடியின் நிறத்தைப் பட்டைக்கும் பொத்தானுக்கும் வைத்துக்கொண்டு, படிக்க வேண்டிய எழுத்தை வெள்ளைமேல் கறுப்பாகவே விடுங்கள். மே மாத மத்தியான வெயிலில் படிக்கப்போகிறார்கள்.

தமிழ் எழுத்தில் தவறுவது நிறைய. ஃப்ளெக்ஸ் டிசைனர் பல வருடமாக வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்திருப்பார். அதைக் காப்பி செய்து தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். மாற்றிச் செயலியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஆனால் மாற்றிய பிறகு ஒரு மனிதர் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, 'ஸ்ரீ' ஆகியவை அடிக்கடி சிதறும். ஃபோட்டோஷாப்பில் யூனிகோடு போடும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், தெற்காசிய எழுத்துக்கான லேஅவுட் தேர்வு செய்யப்படவில்லை என்று பொருள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எதுவானாலும் இலவசமாகவே கிடைக்கும். தடித்த எழுத்துக்கான கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் உலாவி தானே மொத்தமாக்கி, புள்ளிகளை மைச்சொட்டாக்கிவிடும். வரி உயரம் 1.6-க்குக் குறைந்தால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ'யோடு மோதும். எழுத்து இடைவெளியைக் கூட்டவே கூட்டாதீர்கள். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனியே நடக்கும். தலைப்பு அளவைச் 'சேலம்' போட்டுச் சோதிக்காமல் 'கும்மிடிப்பூண்டி'யோ 'டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர்' என்றோ போட்டுப் பாருங்கள். ஒரே திரையில் அடங்கினால் தமிழ்நாட்டின் 234 தொகுதிக்கும் அந்த வடிவம் பொருந்தும்.

முதல் திரைப் படம் 150 கேபிக்குள் இருக்கட்டும். பொதுக்கூட்ட மைதானத்தில் ஆயிரம் கைபேசிகள் ஒரே கோபுரத்தைப் பிடித்துத் தொங்கும்போது ஐந்து மெகாபைட் படம் பாதி முகத்தோடு நின்றுவிடும். லிங்கை வாட்ஸ்அப்பில் போட்டால் வரும் பிரிவியூ படத்தை 1200-க்கு 630 பிக்சலில் தனியே செய்யுங்கள். முகமும் சின்னமும் நடுவில் இருக்கட்டும், சில இடங்களில் அது சதுரமாக வெட்டப்படும். அதை மாற்றினாலும் பழைய பிரிவியூவே சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், சின்னம் கிடைத்ததும் படக்கோப்பின் பெயரையே மாற்றி ஏற்ற வேண்டும்.

நிருபர்களுக்கென்று இரண்டு படங்களைப் பெரிய அளவில் பதிவிறக்க வையுங்கள். இது பெரும்பாலோர் மறப்பது. கொடுக்காவிட்டால் பத்திரிகை அலுவலகம் கிடங்கிலிருந்து பத்து வருடத்துக்கு முந்தைய படத்தை எடுத்துப் போடும். அதில் அவர் வேறு கட்சித் துண்டோடு இருந்தாலும் இருக்கலாம்.

தளத்தில் படிப்பு, தொழில், சொத்து என்று என்ன எழுதினாலும் வேட்புமனுவோடு கொடுத்த படிவம் 26 பிரமாணப் பத்திரத்தோடு வரிக்கு வரி ஒத்திருக்க வேண்டும். அந்தப் பத்திரம் ஆணையத்தின் தளத்தில் எல்லோர் கண்ணுக்கும் கிடைக்கும். 'முதுகலை' என்று தளத்தில், 'பட்டப்படிப்பு முடிக்கவில்லை' என்று பத்திரத்தில் இருந்தால், முன்னே சொன்ன அந்த ஐடி விங் நண்பருக்குத் தீபாவளி. பதவியில் இருப்பவரென்றால் அரசு முத்திரை உள்ள லெட்டர்பேட், அரசு விழா மேடைப் படங்கள் எல்லாவற்றையும் தேர்தல் அறிவித்த அன்றே தளத்திலிருந்து இறக்கிவிடுங்கள். ராணுவ வீரர் படம், குழந்தைகளைக் கொடி பிடிக்கவைத்து எடுத்த படம் இரண்டுக்கும் ஆணையத்தின் தடை உண்டு. மாதிரி வாக்குச்சீட்டு போடலாம். ஆனால் அதில் மற்ற வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் வரக்கூடாது, நிறமும் அளவும் உண்மைச் சீட்டைப் போல இருக்கக்கூடாது.

செலவுக்கணக்கும் முகவரியும்

சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். தளத்தைச் செய்தவருக்குக் கொடுத்தது, படமெடுத்த கூலி, இணைய விளம்பரத்துக்குக் கட்டியது, பதிவு போடும் பையன்களின் சம்பளம் எல்லாம் அதற்குள் வரும். மனுத்தாக்கலுக்கு முன்னாலேயே பணம் கொடுத்துவிட்டோம் என்று தப்ப முடியாது. தேர்தல் காலத்தில் பயன்பட்டால் கணக்கில் ஏறும். ஒருவருக்கு மொத்தமாகப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் ரொக்கம் கூடாது, தேர்தலுக்கென்று திறந்த வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். டிசைனரிடம் முன்பே ரசீது கேட்டு வையுங்கள். வேட்பாளரின் சமூக ஊடகக் கணக்குகளையும் படிவம் 26-இல் எழுத வேண்டும்.

தன் தளத்தில், தன் பக்கத்தில் போடும் பதிவுக்கு முன்னனுமதி தேவையில்லை. காசு கொடுத்துப் போடும் இணைய விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் சான்று வேண்டும், மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தளத்தில் உள்ள அதே படத்தைத் துண்டறிக்கையாக அடித்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி இல்லாமல் வெளியே விடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் எதுவும் புதிதாக ஏறக்கூடாது. இதில் மாட்டுவது பெரும்பாலும் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த பதிவும், நிறுத்த மறந்த விளம்பரமும்தான். யார் எப்போது அணைப்பது என்று ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

தளத்தின் முகவரிப் பெயரை ஆங்கில எழுத்தில் பதியும்போது தமிழ்ப் பெயரின் தலைவலி வரும். ழகரத்துக்கு இசட்-ஹெச் போடுபவர் உண்டு, எல் போடுபவர் உண்டு. 'சாமி'யை டபிள்யூ இல்லாமல் எழுதுபவரும் டபிள்யூ-வோடு எழுதுபவரும் உண்டு. பழக்கமான இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலையும் சேர்த்தே வாங்கி ஒன்றுக்குத் திருப்பிவிடுங்கள். பெரிய செலவில்லை, வாங்காவிட்டால் எதிரணி வாங்கும். முகவரியின் பதிவு வேட்பாளர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும், தளம் செய்து கொடுத்த பையன் பெயரில் அல்ல.

வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் 'வாக்களியுங்கள்' பொத்தானை எடுத்துவிடுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக்கணக்கு தாக்கல் செய்யும்போது தளத்தின் ரசீதையும் சேருங்கள். தோற்றாலும் முகவரியைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், தானாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. காலாவதியான முகவரிகளைச் சூதாட்டத் தளக்காரர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். நீங்கள் அடித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளில் அந்த முகவரி அப்படியே இருக்கும், வேட்பாளரின் முகத்துக்குக் கீழே.